கம்ப்யூட்டருக்குப் போட்ட பிளாஸ்திரி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மூக்கு இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மூக்கு என்று நான்தான் சொல்வேன். பென் டிரைவ் சொருகுவதற்காகப் பெட்டியின் முன்பக்கம் இருந்த இரண்டு துளைகள் அவை. ஒட்டியவர் அப்பா. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், ரிட்டயர் ஆகும்வரை கேட் செக்யூரிட்டியாக இருந்தவர். உள்ளே போகிற லாரிக்கும் சோதனை, வெளியே வருகிற லாரிக்கும் சோதனை. மேனேஜர் காராக இருந்தாலும் டிக்கியைத் திறந்து காட்டியாக வேண்டும். பென் டிரைவ் வழியாகத்தான் வைரஸ் வரும் என்று நான் ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். அன்று சாயங்காலமே மருந்துக் கடைக்குப் போய் பிளாஸ்திரி வாங்கி வந்துவிட்டார்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் அப்போதுதான் ஒவ்வொரு வீடாகக் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. பாட்டு, கல்யாண போட்டோ, சாமி படம் எல்லாம் பென் டிரைவில் வீடு வீடாகச் சுற்றும். எங்கள் வீட்டு வாசலோடு அது திரும்பிவிடும். ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறார்கள் என்று தெருவில் பேசினார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அப்பாவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். அவர் பேசியது எல்லாம் அந்தப் பிளாஸ்திரிச் சட்டம்தான். சிரித்துவிட்டு ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். பிறகு மறந்தும் போனேன்.

அடுத்த வருஷம் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள். ஒரு அதட்டலில் லாரியை நிறுத்திய மனிதர், கழுத்தில் ஓட்டையோடு வீட்டுக்கு வந்து, எங்களைக் கை தட்டிக் கூப்பிட்டார். அந்தக் கைத்தட்டல் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டும்.

அப்போதுதான் அந்தப் பதிவு ஞாபகம் வந்தது. அதைத் திறக்கவும், காப்பி எடுக்கவும் அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தேன். லாரித் தூசிக்குப் பயந்து கம்ப்யூட்டருக்குத் தானே தைத்துப் போட்ட உறையை நீக்கி, மத்தியானம் ஒருதரம் கேட்பாள். கேட்டதும் உறையை மறுபடி மாட்டிவிடுவாள். அப்பா பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். அது முடியும்வரை பக்கம் மட்டும் திரும்பாது.

நடுவில் ரேடியேஷனுக்காக அப்பாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் வீடு திரும்பிய கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. எதைத் தொட்டாலும் அசையவில்லை. சர்வீஸ் ஆள் வந்தான். தலைவலியோ வயிற்றுவலியோ, அவனிடம் ஒரே மருந்துதான்: ஃபார்மட். எல்லாம் போனாலும் பரவாயில்லை, இந்த ஒரு ஃபோல்டர் மட்டும் வேண்டும் என்றேன். என் கண் முன்னாலேயே அதை சிடியில் ஏற்றிக் காட்டினான். பிறகு ஃபார்மட் செய்து, வைரஸைத் தடுக்கிற மென்பொருள் ஒன்றும் போட்டுக் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போனான்.

சிடியைத் திறந்தால் உள்ளே அப்பா இல்லை. அந்த வைரஸின் வேலையே அதுதான். நிஜ ஃபோல்டரை ஒளித்து வைத்துவிட்டு, அதே பேரில், அதே மஞ்சள் நிறத்தில், தான் உட்கார்ந்துகொள்ளும். அவன் வைரஸைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அப்பாவின் குரலை அழித்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில், அவன் எதிரில் இருந்திருந்தால் கீபோர்டாலேயே சாத்தியிருப்பேன்.

அப்பா திரையைப் பார்க்கவில்லை. குனிந்து பிளாஸ்திரியைப் பார்த்தார். ஒன்றின் ஓரத்தில் விரலால் தேய்த்தார். காய்ந்த சோற்றுப் பருக்கை உதிர்ந்தது. பிரித்து, சோற்றால் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அம்மா தனியாக அலைந்த நாட்களில், எதிர் வீட்டு அம்மா மாதா பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாராம். மனசுக்கு ஆறுதலாக இருக்கும், கேளுங்கள் என்றாராம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். அதோடுதான் வைரஸும் வந்திருக்கிறது. அம்மா அதைச் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள்.

"வெறும் டப்பாவ எப்டி திருப்பிக் குடுக்கறது? அவுங்க வூட்லேர்ந்து கொழம்பு வந்தாகூட, அந்தக் கிண்ணத்துல ரெண்டு வாழக்காயாச்சும் போட்டுத்தான் குடுப்பேன். எனக்கு இத்துல வேற இன்னா தெரியும்? நீ பேசினதத்தான் போட்டுக் குடுத்தேன்."

நான் செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினேன். பாட்டு ஏற்றுவதற்காக அதை எப்போதோ அழித்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா அரிசி அளந்துகொண்டிருந்தவர், நான் கேட்டதும் நிறுத்திவிட்டார்.

"அத அழிப்பனாம்மா? அண்ணன் சத்தம்லா அதுல கெடக்கு."

கடைச் சாவிக்கொத்தில் கோத்திருந்த பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தார்.

வந்த வேகத்தில் சொருகித் திறக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார். திரையைக் காட்டினார். முதலில் சோதனை. தன் குரலாகவே இருந்தாலும் கேட்டில் நின்றுதான் வர வேண்டும். சோதித்ததில் வைரஸ் இருந்தது. அழிக்கலாமா என்று மென்பொருள் கேட்டது. நல்லதும் சேர்ந்து போய்விட்டால்? அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா தலையசைத்தார். அழித்தேன். போலி போனது. ஒளிந்திருந்த ஃபோல்டரைத் தேடி வெளியே கொண்டுவந்து திறந்தேன்.

"எவன் வந்து கேட்டாலும் இத்துல எதையும் சொருக வுடாதீங்க. சொந்தக்காரனா இருந்தாலும் செக் பண்ணாம உள்ள வுடக் கூடாது. இன்னா, புரிஞ்சுதா?"

அப்பா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அந்தச் சட்டத்தை அம்மா மீறியதால்தான் அந்தச் சட்டமே எங்களுக்கு மிச்சமாகியிருந்தது. அது அவருக்கு என்னைவிட முன்னாலேயே உறைத்துவிட்டது.

பதிவு அதோடு முடியாது. ஒரு இருமல் வரும். பிறகு, மைக் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், அப்பா சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்பார்.

"ஏம்மே, டீ கீதா?"

எத்தனையோ மத்தியானங்கள் அதைக் கேட்டும் அம்மா பதில் சொன்னதில்லை. அன்று, "கீது, இரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.