வானத்தில் வழிதப்பிய கப்பல்

பாம்பனில் எங்கள் வீட்டு டிவிக்கு டெல்லியைவிடக் கொழும்புதான் பக்கம். முற்றத்தில் நட்ட சவுக்குக் கம்பின் உச்சியில் ஆன்டெனா. அதைக் கடலைப் பார்த்துத் திருப்பினால் இலங்கைப் படம் பளிச்சென்று விழும். நம் நாட்டுப் படம் வேண்டுமானால் மேற்கே திருப்பி, அய்யா கம்பைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். காற்று அடிக்கிற ஊர். ஒரு தடவை திருப்பிவிட்டால் பழைய இடத்துக்கு வருவது அதன் இஷ்டம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சித்தப்பா போன விசைப்படகு கரைக்கு வரவில்லை. இலங்கைக்காரர்கள் அந்தக் கரையில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர்; கவிழ்ந்துவிட்டது என்றும் ஒரு பேச்சு. பக்கத்து ஊரான அக்காள்மடத்திலிருந்து சித்தி பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் வீட்டில் டிவி கிடையாது. பிடிபட்ட படகுகளைப் பற்றி இலங்கை டிவியின் தமிழ்ச் செய்தியில் சொல்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்தச் செய்திக்கு முன்னால் ஒரு பழைய அமெரிக்கத் தொடர் ஓடும். கறுப்பு வெள்ளை. பேச்சு இங்கிலீஷ், அடியில் எழுத்து சிங்களம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒருவருக்கும் தெரியாது. அதனால் என்ன, கதையை நான் பிடித்துவிட்டேன். வெள்ளி உடுப்புப் போட்ட ஐந்தாறு பேர் கப்பலில் வானத்துக்குப் போய் வழிதப்பிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது பாறையில் இறங்குவார்கள், அட்டைப்பெட்டியை ஒட்டிச் செய்த மாதிரி ஒரு பூதம் வரும், விழுந்தடித்துத் தப்புவார்கள், பூமி மட்டும் அகப்படாது. கப்பலை ஓட்டுகிறவரை நாங்கள் டிரைவர் என்போம். எங்கள் ஊரில் விசைப்படகு ஓட்டுகிறவருக்கு அதுதான் பெயர்.

ஆன்டெனாவை அசைத்தால் செய்தி போய்விடுமே என்று வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டைக்கூட அய்யா தியாகம் செய்தார். வேறு வழியில்லாமல் வீடே அந்தத் தொடரைப் பார்த்தது. எனக்குக் கொண்டாட்டம். அதிலும் சித்தி கண் இமைக்காமல் பார்ப்பாள். பெரியவர்களில் ரசனை உள்ள ஒரே ஆள் இவள்தான் என்று அவள்மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

“இத்தன பேரு இருக்காக, ஒருத்தருக்குமா கரை தெரியல?” என்று ஒருநாள் அவளே பேச்செடுத்தாள். “இவுக எப்பத்தான் வீட்டுக்குப் போவாக?”

இப்படி ஓர் ஆள் கேட்கமாட்டாளா என்றுதானே காத்திருந்தேன்! “போகவே மாட்டாக சித்தி. போயிட்டா நாடகம் முடிஞ்சிரும்ல? அதான் விட மாட்டாங்ஙே” என்றேன், பெரிய மனுஷியாக.

சித்தி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். செய்தி தொடங்கியும் உள்ளே வரவில்லை. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். “வாயில வந்ததெல்லாம் பேசுவியாக்கும்?”

கேட்டாள், தெரிந்ததைச் சொன்னேன். இதற்கு எதற்கு அடி என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மழைக்காலம் தொடங்குமுன் அந்தக் கரையில் பிடித்து வைத்திருந்த சித்தப்பாவை விட்டுவிட்டார்கள். அத்தனை நாள் தவம் கிடந்த செய்தியில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவர் பாட்டுக்கு மண்டபத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார், ஆள் பாதியாக, தாடியும் மீசையுமாக. “மாதா கண்ணத் தொறந்துட்டா” என்று அம்மா அழுதாள். சித்தி அழவில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அன்று சாயங்காலமும் தொடர் தொடங்கியது. சித்தி அடுப்படியில் சித்தப்பாவுக்கு மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“சித்தி, போட்டுட்டாங்ஙே, ஓடியா!”

“அத யாரு பாத்தா? போ புள்ள அங்கிட்டு” என்று சிரித்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! டிரைவரும் மற்றவர்களும் இன்னும் அங்கேயே கிடக்கிறார்கள். ஒருவர்கூட வீடு வந்து சேரவில்லை. அது ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல், இவளால் எப்படி இப்படிச் சிரித்துக்கொண்டு சோறு போட முடிகிறது?