ஊர்ப்பெயர் வைத்த நாய்கள்

எங்கள் கல்லடி ஊருக்குள் நாய்களைக் கொண்டுவந்து நிரப்புகிறவர் அந்த ஓட்டோக்காரர்தான் என்று ஊர்ச் சங்கத் தலைவர் கூட்டத்தில் சொன்னது பொய். விலங்குக் காப்பகத்தில் இடமில்லாத நாய் பூனைகளை, வேறு வீடு கிடைக்கும்வரை அவர் தன் வீட்டு வளவில் வைத்துப் பார்க்கிறார். அவற்றை அகற்றவேண்டும் என்று தீர்மானமும் போட்டுவிட்டார்கள். அகற்றினால் அவை திரும்பவும் தெருவுக்குத்தான் போகும்.

ஓட்டோவை ஹயருக்குக் கேட்கிற சாக்கில் நான் போய்ப் பார்த்தேன். மெலிந்த மனிதர், காக்கிச் சட்டை முழுக்க மயிர் ஒட்டியிருந்தது. ஓட்டோவின் பின்சீற்றில் ஒரு பூனை படுத்திருந்தது.

"வவுணதீவு, இறங்கு புள்ள. ஹயர் வந்திரிக்கி," என்றார் பூனையிடம்.

"இதென்ன பேர் அண்ணன்?"

"எங்க போட்டுட்டுப் போறாங்களோ, அந்த இடத்துட பேரத்தான் வெக்கிற தங்கச்சி. அதுகளுக்கு வேற என்ன விலாசம் இரிக்கி?"

பிறகு வளவுப் பக்கம் திரும்பி, "கோயில் வீதி!" என்று கூப்பிட்டார். மூன்று நாய்கள் ஓடிவந்தன. கோயில் வீதி எங்கள் வீதி. தலைவரும் அங்கேதான் குடியிருக்கிறார்.

"மூணுக்கும் ஒரே பேரா?"

"குட்டியில மூணையும் ஒரே உரப்பைக்குள்ளதானே கட்டிப் போட்டிருந்தாங்க."

அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு வந்தது.

தலைவரே, அந்த மூன்றும் நம் வீதியில் யார் வீட்டுக் குட்டிகள்? அவற்றை அகற்றுவதற்கு முன்னர், அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.