பேயக்காவுக்கு ஒரு பயந்த சாட்சி

கண்ணாடிக் கடையில் கண் பவர் பார்க்கும் அக்காவை ஊரில் பாதிப் பேர் பேயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை முதலாளிக்கு அது பிடிக்காது, வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்களாம். இதுவரை யாரும் ஓடவில்லை. அக்காவுக்குப் பேய் மேல் நம்பிக்கையெல்லாம் கிடையாது. பேய்க்கதை மேல் பைத்தியம், அவ்வளவுதான்.

அந்தப் பைத்தியம் ஒன்பது வருடமாக வாரமடலாக வெளிவருகிறது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி அடித்தால், ஆயிரத்துச் சொச்சம் பேருடைய மின்னஞ்சலில் 'குலைநடுக்கம்' போய் விழும். பழைய கிடங்கில் குறும்படம் எடுப்பது யார், லிஃப்டுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிற படக்கதையை வரைவது யார், வெட்டுப்பட்ட ஆறு கைகள் அவசரமாகத் தேவைப்படுவது யாருக்கு, எல்லாம் அதில் இருக்கும். திகில் ரசிகர்களுக்கு அதைப் படிக்காமல் சனிக்கிழமைச் சோறு இறங்காது.

ஆனால் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். புதுப் படைப்பு எதுவானாலும், அதைப் பார்த்தோ கேட்டோ உண்மையாகவே பயந்துபோன ஒருவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவருக்குப் பயந்த சாட்சி என்று பெயர். சொந்தக்காரர் செல்லாது, அந்தப் படைப்பில் வேலை செய்தவரும் செல்லாது. 'என் படத்தைப் பார்த்தா அலறிடுவாங்க' என்று எடுத்தவரே சொல்வதை அக்கா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். இதனால் அவளைத் திட்டாத ஆள் இல்லை. திட்டினால் திட்டட்டும் என்று இருந்துவிட்டாள்.

இந்த வருடம் வினை அவள் வாசலுக்கே வந்தது. ஊரார் படைப்புகளுக்கெல்லாம் சேதி எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, தானும் ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, தன் குரலிலேயே ஒன்பது நிமிட ஒலிக்கதை ஒன்றைப் பதிவு செய்தாள். கண் பரிசோதனைக்கு ஒரு பெண் வருகிறாள். எழுத்து அட்டையின் கடைசி வரிவரை தப்பில்லாமல் படிக்கிறாள். அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவள் நிறுத்தாமல் தொடர்ந்து படித்துக்கொண்டே போகிறாள். அவள் படிப்பது பரிசோதிப்பவளின் வீட்டு முகவரி. பிறகு, அந்த வீட்டில் எந்த ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது என்பது.

வருடாந்திரத் திகில் கூடுகையில் அரங்கேறும் புதுப் படைப்புகளின் பட்டியல் அந்த வாரச் சனிக்கிழமை மடலில்தான் வர வேண்டும். ஒரே ஒரு முறை தன் கதையும் அதில் இருக்க வேண்டும் என்று அக்கா தவித்தாள். சாட்சிக்கு எங்கே போவது?

வீட்டுக்காரர் சட்டப்படி செல்லாதுதான். இருந்தாலும் ஒரு ஒத்திகைக்காக அவரிடம் போட்டுக் காட்டினாள். குளிர்சாதனப் பெட்டியில் ரப்பர் விரல்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பால் எடுத்துப் பழகிய மனிதர் அவர். மூன்றாவது நிமிடத்தில் குறட்டை விட்டார். கடையில் பில் போடும் பெண்ணோ, "குடுங்கக்கா, நான் கேக்காமலே பயந்துட்டேன்" என்று பேனாவைத் திறந்தாள். வாசகர்களிடமும் கேட்க முடியாது. மடலில் இடம் வேண்டுமென்றால் அக்கா தும்மினால்கூட நடுங்கினேன் என்று எழுதித் தருவார்கள்.

அவளைச் சந்தோஷப்படுத்த எந்த அவசியமும் இல்லாத ஒரே ஆள் பொம்மைக்காரர். திகில் படங்களுக்குப் பொம்மை செய்பவர். அவருடைய சொந்தப் படத்தை அக்கா மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தாள். முதல் சாட்சி அவர் மச்சான். இரண்டாவது சாட்சி பொம்மைக்குச் சட்டை தைத்தவர். மூன்றாவது சாட்சி அவரேதான். வேறு பெயரில், அதே கோழிக்கிறுக்கலில். அன்றிலிருந்து அக்கா பேரைக் கேட்டாலே அவர் முகம் சுண்டிவிடும்.

அக்கா மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கதையை அவருக்கு அனுப்பினாள். மறுநாள் போன் செய்தாள்.

"கேட்டீங்களா அண்ணா?"

"கேட்டேன். குரல் நல்லா இருக்கு."

"பயம்?"

"நமக்கு அதெல்லாம் எங்க வருதும்மா."

பேய்க்கதையில் குரல் நல்லாயிருக்கிறது என்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அன்று அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரார் பயத்தையெல்லாம் எடை போட்டவளுக்கு ஒருத்தரைக்கூடப் பயமுறுத்தத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"சட்டம் போட்டது நீதானே? இந்த ஒரு வாரம் தளர்த்திக்கயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"தளர்த்திட்டு நாளைக்கு யார் மூஞ்சியில முழிக்கறது?"

சனிக்கிழமை காலை, தன் கதை இல்லாமலே பட்டியலை முடித்து வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். பத்தரை மணிக்குப் பொம்மைக்காரர் உள்ளே வந்தார். தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்து உடைத்துவிட்டாராம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருட்டறைக்குள் போனார்கள். அக்கா அவர் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி அட்டையில் விளக்கைப் போட்டாள். மனிதர் கடகடவென்று படித்தார். கடைசி வரி வந்ததும் நின்றுவிட்டார்.

"தெரியலையா அண்ணா?"

"தெரியுது."

"அப்ப படிங்க."

"போதும்மா. இந்தப் பவரே சரியா இருக்கு."

அக்கா லென்ஸை மாற்றினாள். "இப்போ?"

"இப்போ இன்னும் நல்லாத் தெரியுது. அதான் வேணாங்கறேன்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளினார்.

"கடைசி வரியைப் படிச்சா அடுத்து அதுக்குக் கீழதானே போகணும்? நாலு நாளா பேப்பரைக்கூட அடி வரியை மடிச்சு வச்சுட்டுத்தான் படிக்கறேன். ஜன்னலைச் சாத்திட்டியா, சாத்திட்டியான்னு கேட்டு வீட்டம்மா உயிரை வாங்கறேன்."

"அப்ப போன்ல ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மூணு தடவை திருப்பி அனுப்பினீங்களே, நான் மட்டும் ஒரே தடவையில ஒத்துக்கணுமா?"

அக்கா அறை விளக்கைப் போட்டு, பவர் எழுதும் சீட்டையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தாள். அவர் பேனாவைத் தொடவில்லை.

"அண்ணா, அண்ணாங்கறீங்க. சொந்தக்காரன்னு தள்ளிடப் போறீங்க."

"அது சும்மா வாய்ல வர்றது. சட்டத்துல வராது."

சோதனை ஃபிரேமோடு குனிந்து, அதே கோழிக்கிறுக்கலில் எழுதி நீட்டினார்:

'இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எதையும் கடைசி வரி வரை படிக்க எனக்குத் தைரியம் இல்லை. இதைச் செய்தவர் எனக்கு உறவில்லை. பிடித்தவரும் இல்லை.'

ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு சுத்தமான சாட்சியை அக்கா பார்த்ததில்லை. இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

பொம்மைக்காரர் ஃபிரேமை மூக்கில் தூக்கிவிட்டுக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, பயந்துட்டீங்களா?"