பஞ்சு மூட்டைமேல் நின்ற நாய்

பரிபூரணம் எனக்கு மதினி முறை. சேத்தூரில் இருந்த என் தாய்மாமன் வேல்சாமியின் மூத்த மகள். அவளை ராஜபாளையத்துச் சுயம்புலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சுயம்புலிங்கம் யாரென்றால், என் சின்னையா சம்சாரத்தின் கூடப்பிறந்த அண்ணன் மகன். ஆக, இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம்தான். ஒரு பக்கத்துக்காகக் கூட்டியோ குறைத்தோ சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மதினி ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை. மில்லுக்குப் பின்னால் வரிசை வீடு, பின்புறம் சின்ன முற்றம், அதில் ஒரு வேப்பமரம். அந்த மரத்தடியில் எப்போது போய்ப் பார்த்தாலும் நாலைந்து ஜீவன் கிடக்கும். கால் வளைந்த பூனை, ஒரு கண் பிதுங்கிய நாய்க்குட்டி, முடியெல்லாம் கொட்டிப்போன கிழட்டு நாய். எல்லாம் யாரோ சாக்கில் கட்டி எறிந்ததும், பஸ் ஸ்டாண்டில் கிடந்ததும்தான்.

இரக்கப்பட்டுச் சோறு வைக்கிறவர்கள் ஊரில் பலபேர் உண்டு. மதினியின் சங்கதி வேறு. கொண்டுவந்த உடனே அதைத் தொடமாட்டாள். "செத்த நேரம் சும்மா விடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாள். அது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது, எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறது, சோற்றை மோந்து கண்டுபிடிக்கிறதா பார்த்துக் கண்டுபிடிக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பாள். ஒருநாள் பார்ப்பாள், சிலதை ஒரு மாதம்கூடப் பார்ப்பாள். வார லீவு வந்ததும் கடகாப்பெட்டி என்கிற ஓலைப்பெட்டியில் பூனையைப் போட்டு மூடி, ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுவாள். பெட்டிக்குள்ளிருந்து கத்தல் கேட்டால் கண்டக்டர், "பெட்டிக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார். "மடியில வச்சிருக்கேன், கைப்பிள்ளைக்கு ஏது டிக்கெட்டு?" என்பாள் மதினி.

அங்கே ராஜரத்தினம் என்று ஒரு டாக்டர். ஆரம்பத்தில் அவரும் மதினியை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. எண்பத்தாறில் தளவாய்புரத்திலிருந்து ஒரு நாய் வந்தது. வெறும் எலும்பு. தின்றதையெல்லாம் கக்கிவிடும். டாக்டர் பூச்சிக்கு மருந்து கொடுத்தார், வயிற்றுக்கு மருந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் மதினி போய்ச் சொன்னாள்:

"சார், இது வாந்தி இல்ல சார்."

"பொறவு என்ன?"

"வாந்தின்னா வயிறு எக்கி எக்கி வரும்லா. இதுக்கு வயிறு அசையவே இல்ல. தலையைக் குனிஞ்சா சோறு தானா விழுது. அதுவும் போட்ட சோறு போட்ட மாதிரியே, புட்டுக் குழாயில இருந்து தள்ளுன மாதிரி உருண்டையா விழுது. வயித்துக்கே போகல சார் அது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகிற குழாய் தளர்ந்து பைமாதிரி விரிந்துவிடுகிற சீக்கு அது. அபூர்வமாகத்தான் வரும் என்றார். மருந்தைவிட, நிமிர்த்தி வைத்து ஊட்டுவதுதான் அதற்கு வைத்தியம். சுயம்புலிங்கம் பழைய ஸ்டூல் ஒன்றை அறுத்து நாய்க்கு நாற்காலி செய்து கொடுத்தார். அது முன்னங்காலைத் தூக்கி வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கூழ் குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். நாலு வருஷம் இருந்தது.

அதற்குப் பிறகு மதினி போனால் டாக்டர் முதலில் கேட்பது, "என்ன பாத்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றுதான்.

இதெல்லாம் முன்கதை. நான் சொல்லவந்தது துரையின் கதை.

எண்பத்தொன்பது, பொங்கல் கழிந்த சமயம். காளிராஜ் அண்ணாச்சி என்று சிமெண்ட் கடைக்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் ராஜபாளையத்து நாய் என்றால் பால்வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். அண்ணாச்சிக்கு அதில் பைத்தியம். ஈத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்த குட்டி இருந்தாலும் யாருக்காவது தள்ளிவிட்டு, சுத்த வெள்ளையை மட்டும் வைத்துக்கொள்வார். அப்படி வைத்துக்கொண்டதுதான் துரை. ஒன்றரை வயது. கடை வாசலில் அது படுத்திருந்தால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

யார் கூப்பிட்டாலும் துரை திரும்பாது. வேறு ஊராக இருந்தால் நாய்க்கு என்னமோ கோளாறு என்பார்கள். எங்கள் ஊரில் அது பெருமை. "சாதி நாய்லா, கண்டவன் கூப்பிட்டா வருமா? நான் கூப்பிட்டாலே யோசிச்சுத்தான் வரும்" என்று அண்ணாச்சி வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நாயைக் குக்க என்று சொல்கிற பக்கத்துக் கடைத் தெலுங்குக்காரர்களும், "குக்கன்னா இதுதான் குக்க" என்பார்கள்.

கடையில் மூட்டை தூக்குகிற கருத்தையா ஒருநாள் மத்தியானம், வழியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த துரையைப் பின்பக்கமாகப் போய் நகர்த்தப் பார்த்தார். அது துள்ளி எழுந்து முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது. ஏற்கெனவே இரண்டுபேரை இப்படிக் கவ்வப் பார்த்த நாய்தான். ஊர் சொல்லிவிட்டது, வெறி பிடித்துவிட்டது என்று. கருத்தையாவுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி ஆரம்பித்தாகிவிட்டது.

நாயை வேனில் போட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். ராஜரத்தினம் டாக்டர், "பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்க. வெறியா இருந்தா அதுக்குள்ள செத்துரும்" என்றார்.

"சாகலைன்னாலும் பத்தாம் நாள் ஒரு ஊசியப் போட்டு முடிச்சிருங்க சார்" என்றார் அண்ணாச்சி. "கடையில நாலுபேர் வந்து போற எடம். கடிக்கிற நாயை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அன்று மதினி ஒரு பூனையோடு அங்கே இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, அந்தப் பத்து நாளும் எங்க முற்றத்துல கெட்டிப் போடுதேன். என்னமோ ஒரு காரணம் இருக்கு. நான் கண்டுபிடிச்சுச் சொன்னா ஊசி வேண்டாம்" என்றாள்.

"கண்டுபிடிக்கலைன்னா?"

"பத்தாம் நாள் நானே கொண்டாந்து விடுதேன்."

சுயம்புலிங்கம் அன்று வீட்டுக்குள்ளேயே வரவில்லை. தெருவில் நின்றுகொண்டே பேசினார். "ஏட்டி, ஊரு ஒதுக்குன நாயைக் கொண்டாந்து கெட்டுதியே, உனக்கு நல்ல புத்திதானா?"

"கிட்ட வராதிய, அம்புட்டுத்தான். இரும்புச் சங்கிலி, கம்பி வேலி. எனக்கு மட்டும் உசிரு வெல்லம் இல்லையாக்கும்?"

மூன்று நாள் தள்ளி நின்றே பார்த்தாள். தண்ணீர் குடித்தது, சோறு தின்றது, வாலை ஆட்டியது. கண்ணுக்கு முன்னால் நூலை ஆட்டினால் பார்த்தது. காது கேட்கிறதா என்றும் பார்த்தாள். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டாள். துரை சட்டென்று திரும்பியது. "காது சரியாத்தான் இருக்கு" என்று அதை விட்டுவிட்டாள். மதினி செய்த தப்பு அதுதான். அதன்பின் முதுகெலும்பில் வலியா, பல்லில் வலியா என்று தேடிக்கொண்டே மூன்று நாள் வீணாகப் போயிற்று. ஆறாம் நாள் என் வீட்டுக்கு வந்தவள் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. "ஒண்ணும் பிடிபடல, கொழுந்தப்பிள்ள. நாலு நாள்தான் இருக்கு" என்றாள்.

ஏழாம் நாள் மில்லில் நடந்தது இது. மெஷின் ஓடும்போது அங்கே பேச்சு எடுபடாது. பெண்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கையாலேயே பேசிக்கொள்வார்கள். விரலை மடக்கினால் வா. கட்டை விரல் வாயருகே போனால் தண்ணீர். மீசையை முறுக்குவதுபோல் காட்டினால் மேஸ்திரி வருகிறார், எல்லாரும் அடங்கி இருங்கள். மதினி அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் செல்லக்கனி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கிட்ட வருமுன்னே மதினி விலகி வழி விட்டாள். முதுகுக்குப் பின்னால் வந்தது எப்படித் தெரிந்தது என்று செல்லக்கனி கையாலே கேட்டாள். மதினி தரையைக் காட்டி, தன் காலைக் காட்டினாள். தரை அதிர்ந்தது, காலில் தெரிந்தது என்று அர்த்தம்.

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டதாம். அறுந்த நூலைக்கூட முடிச்சுப் போடாமல் நின்றவளை, "என்னட்டி, கிறுக்குப் பிடிச்சிட்டா?" என்று செல்லக்கனி காதில் வந்து கத்த வேண்டியிருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் மேஸ்திரியிடம் கேட்டு ஒரு மூட்டை கழிவுப் பஞ்சுக்குக் கேட் பாஸ் வாங்கினாள். வாட்ச்மேன், "யாருக்கு மெத்தை?" என்று கேட்க, "நாய்க்கு" என்றாள். அவர் இரண்டுதரம் மூட்டையைக் குத்திப் பார்த்துத்தான் விட்டார்.

ஏழு நாளும் ஒழுங்காகத் தின்று குடித்த நாய்க்கு வெறி இருக்காது என்று அவளுக்குத் தைரியம் வந்திருந்தது. முற்றத்தில் மூட்டையைப் போட்டு, துரையை அதன்மேல் ஏற்றி நிறுத்தினாள். வேலிக்கு வெளியே, நாய்க்குப் பின்னால் சுயம்புலிங்கத்தை நிறுத்தித் தட்டைப் போடச் சொன்னாள். போட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. துரை மட்டும் பஞ்சுமேல் நின்றபடி மதினியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னொருக்கப் போடுங்க."

போட்டார். மூன்றாம்தரம் ஓங்கிப் போட்டார். ம்ஹூம். கீழே இறக்கி வெறும் தரையில் நிறுத்திப் போட்டபோது சட்டென்று திரும்பியது.

"அன்னைக்கு அது காதால கேக்கல. காலால கேட்டிருக்கு" என்றாள் மதினி. "பெறவிச் செவிடுங்க இது. தூங்கும்போது ஆள் வாரது தெரியாம, மேல கை பட்டதும் பதறிப்போய்க் கவ்வியிருக்கு."

அன்று ராத்திரிச் சோற்றைத் துரைக்குச் சுயம்புலிங்கமே கொண்டுபோய் வைத்தார்.

மீதி இருந்த நாட்களில் மதினி வேறொரு வேலை செய்தாள். செவிடு என்று சொன்னால் மட்டும் அண்ணாச்சி நாயை விட்டுவிடுவாரா? செவிட்டு நாயை எப்படி அடக்குவது என்றுதானே கேட்பார். அதனால் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையை, மில்லுப் பாஷையை, துரைக்குச் சொல்லிக்கொடுத்தாள். தரையில் ஒரு மிதி மிதிக்க வேண்டியது. அது திரும்பிப் பார்த்ததும் கையைக் காட்ட வேண்டியது. காலையில் ஷிப்டுக்கு முன்னால், சாயங்காலம் வந்ததும். கையில் கருவாட்டுத் துண்டு.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி வந்திருந்தார். கையில் கட்டோடு கருத்தையாவும் வந்திருந்தார். ஊசி மருந்து மேஜைமேல் இருந்தது. மதினி வேனிலிருந்து நாயையும் பஞ்சு மூட்டையையும் இறக்கினாள்.

"என்ன, நாய் மெத்தையோட சீர் வந்திருக்கு" என்றார் கருத்தையா.

டாக்டரே நாய்க்குப் பின்னால் நின்று ஆஸ்பத்திரி மணியை அடித்தார். பஞ்சுமேல் நின்ற துரை அசையவில்லை. டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சுத்த வெள்ளை உடம்பும் வெளிறிய கண்ணும் உள்ள சில நாய்களுக்கு உள்காது பிறவியிலேயே வேலை செய்யாது, நிறம் இல்லாததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றார். "புத்தகத்துல படிச்சதுதான். இந்தப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு எனக்குத் தோணலையே" என்றார்.

அண்ணாச்சி மெதுவாக, "அப்ப, ஒண்ணரை வருஷமா நான் கூப்பிட்டது ஒண்ணுகூட அதுக்குக் கேக்கலையா?" என்றார்.

"கேக்கல அண்ணாச்சி. உங்க மொகத்தைப் பாத்துத்தான் வந்திருக்கு."

கருத்தையா விடவில்லை. "செவிடுன்னா கடிக்கணுமா?"

"தூங்கும்போது யாராச்சும் மேல கை வச்சா நீங்க என்ன செய்வீய?"

"நான் கடிக்க மாட்டேன்."

"கையை ஓங்குவீயல்லா. அதுக்குக் கை இல்ல, வாய்தான் இருக்கு."

மதினி தரையில் ஒரு மிதி மிதித்தாள். துரை திரும்பியது. விரலை மடக்கினாள், வந்தது. மீசையை முறுக்குவதுபோல் காட்டினாள். அது அப்படியே வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. டாக்டர் மேஜைமேல் இருந்த மருந்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இந்த நாயைக் கொண்டு குட்டி எடுக்க வேண்டாம் என்று மட்டும் அண்ணாச்சியிடம் சொன்னார். அப்புறம் நோட்டை விரித்துச் சீக்கின் பெயரை இங்கிலீஷில் எழுதி, கீழே தமிழில், 'கண்டறிந்தவர்: பரிபூரணம், ராஜபாளையம்' என்று எழுதிக் காட்டினார். மதினி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "என் இனிஷியலை விட்டுட்டீங்களே சார்" என்றாள்.

அண்ணாச்சி துரையைக் கடைக்கே கொண்டுபோனார். போவதற்கு முன்னால் ஒரு வாரம் மதினி வீட்டு முற்றத்துக்கு வந்து, ஒவ்வொரு கைச் சைகையாகக் கற்றுக்கொண்டார். புள்ளி விழுந்த குட்டிகளை அதன்பிறகு அவர் தள்ளிவிடுவதில்லை. ஒவ்வொரு ஈத்திலும் குட்டிகளைப் பஞ்சு மூட்டைமேல் ஏற்றிப் பார்க்க மதினிக்கு ஆள் அனுப்புவார். சேத்தூர், கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்தெல்லாம் நாய் வளர்க்கிறவர்கள் மூட்டையைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

கடையில் ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. மீசைக்காரர் யாராவது சிமெண்ட் விலை கேட்க வந்து, பேச்சுவாக்கில் மீசையைத் தடவினால் போதும், துரை பொத்தென்று படுத்துவிடும். மில் விட்டுப் போகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டால் தெருமுக்கு வரைக்கும் சிரித்துக்கொண்டே போவார்கள். அண்ணாச்சியே வாசலில் நின்று, மேஸ்திரி வருகிறார் என்று கை காட்டுகிற காட்சியை வேறு எந்தக் கடையில் பார்க்க முடியும்?

துரை தொண்ணூற்றெட்டு வரைக்கும் இருந்தது. கருத்தையா கையில் தழும்பு இருந்தது, ஆனால் அவருக்கும் நாய்க்கும் பிறகு சண்டை வந்ததில்லை. கடைக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் நுழைவார். அந்தப் பழக்கம் துரை போனபிறகும் அவரை விடவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் வாசலில் நின்று ஓங்கி ஒரு மிதி மிதித்தார். உள்ளே பந்தி பரிமாறிக்கொண்டிருந்த மதினி நிமிரவேயில்லை. "கருத்தையா அண்ணன் வந்துட்டாவ, இலை போடுங்க" என்றாள்.