ஜுரம் இல்லாத உடம்பு

அக்காவுக்கு வந்த நோய்க்கு லூபஸ் என்று பெயர். உடம்பே உடம்பை எதிரி என்று நினைத்துத் தாக்குமாம். மூட்டு வலியாக ஆரம்பித்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் சிறுநீரகம், நுரையீரல் என்று ஏறி, அவளை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை அறையில் கொண்டு தள்ளியது. வாசலுக்குக் காவல் நான்.

"ஸ்டீராய்டு நோயை அடக்கும். கூடவே கிருமியை எதிர்க்கிற பலத்தையும் அடக்கிடும். கிருமி தொத்தினாக்கூட ஜுரம் சரியா காட்டாது. யாரையும் உள்ளே விடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதை எங்கள் சனங்களிடம் யார் சொல்லிப் புரியவைப்பது? ஆம்பூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். ஆஸ்பத்திரியில் வந்து முகம் காட்டாவிட்டால் அவன் என்ன சொந்தக்காரன்? மாத்திரையில் ஊதிப்போன அவள் முகத்தைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "நல்லாத்தான சதை போட்டிருக்கா" என்றார்கள். அக்காவின் மாமியார் சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஜுரமே இல்லியாம். அப்புறம் இன்னாத்துக்குடி இவ்ளோ பேஜார் பண்ற?"

எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். "நீங்க உள்ள போனா அவ வெளிய வரமாட்டா அத்தை" என்றேன்.

அக்கா பார்க்கக் கேட்டது ஒருத்தியைத்தான், நாலு வயது மகளை. அக்கா வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, குழந்தைக்குப் புது கவுன் போட்டு, பூ வைத்துக் கூட்டிவந்தார். அதற்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஒரே நிமிசம்மா. அவ கேட்டுட்டே இருக்கா."

"சளி போவட்டும் மாமா. அப்புறம் காட்டலாம்."

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"வந்தாளா?"

"சளிக்கா. ரெண்டு நாள்ல வந்துடுவா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த ரெண்டு நாள் வரவேயில்லை. ஜுரம் காட்டாமலேயே கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்ததில்லை, எல்லார் குடலிலும் சும்மா கிடக்கிற கிருமிதான் என்று டாக்டர் ஆறுதலுக்குச் சொன்னார். அடப்பாவி, இதற்கா அவள் பெற்ற பிள்ளையை நான் திருப்பி அனுப்பினேன் என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன்.

ஆம்பூர் வீட்டுக் கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். ஊரே உள்ளே வந்தது. விழுந்து அழுதார்கள், முகத்தைத் தடவினார்கள். குழந்தை மட்டும் வாசற்படி தாண்டாமல் நின்று, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"சித்தி, எனக்குச் சளி இன்னும் போவல. அம்மாகிட்ட போலாமா?"

"போ கண்ணு" என்றேன்.