ஃபுசி டீச்சர் கத்தாத நாள்

டோங்காவின் வவாவு தீவில் ஃபுசி டீச்சரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. இருபத்திரண்டு வருடமாக அறிவியல் நடத்துகிறாள். தீக்குச்சியை எண்ணிக் கொடுப்பாள், எரிந்த குச்சியையும் எண்ணித் திரும்ப வாங்குவாள். யாராவது கண்ணாடிக் குழாயைத் தொட்டாலே போதும், "பாத்து, பாத்து" என்று தொண்டை கிழியக் கத்துவாள். பிள்ளைகள் அவளைப் போலவே கையை உதறிக் கத்தி விளையாடுவார்கள். பத்தாம் வகுப்பு மெலேயானே அதில் கெட்டிக்காரி. அவள் கத்தினால் டீச்சரே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம், ஸ்பிரிட் விளக்கின் தீ பட்டு ஒரு மாணவியின் புருவமும் முன்முடியும் கருகிவிட்டன. மறுநாள் அவளுடைய அம்மா சண்டைக்கு வரவில்லை. ஒரு கூடை கிழங்கோடு வந்து, தன் பெண் கவனமில்லாமல் இருந்ததற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அடித்திருந்தால்கூட ஃபுசிக்கு ஆறியிருக்கும்.

பள்ளியின் பெரிய கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. நியூசிலாந்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம் தன் ஆய்வகத்தை ஒழித்தபோது, மிச்சமிருந்த ரசாயனக் குப்பிகளை எல்லாம் பெட்டியில் கட்டி இங்கே அன்பளிப்பாக அனுப்பிவிட்டது. அன்பளிப்பு என்று வந்துவிட்டால் டோங்காவில் அதை மூலையில் போடுவார்களா? மரப்பட்டைத் துணி விரித்து, ஒவ்வொரு குப்பியின் கழுத்திலும் ரிப்பன் கட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி அடுக்கிவைத்தார்கள். கொடுத்தவர்கள் வருடம் ஒருமுறை வருவார்கள். அதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் இறக்கிப் பளபளவென்று துடைத்து வைப்பது பிள்ளைகள் வேலை.

பழசையெல்லாம் அப்புறப்படுத்திவிடலாமே என்று ஃபுசி ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். தலைமையாசிரியர் செமிசி முகம் சுருங்கிப்போனார்.

"என்னம்மா ஃபுசி, குடுத்தவங்க மூஞ்சில அடிக்கச் சொல்றியா?"

அதற்கப்புறம் அவளும் வருடா வருடம் பிள்ளைகளோடு சேர்ந்து துடைத்தாள்.

இந்த வருடமும் விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள். இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த இணையம் காலை இடைவேளையில்தான் உயிர் பெற்றது. ஃபுசி தேநீரும் கையுமாகக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கையைப் படித்தாள். பழைய ஆய்வகங்களில் மஞ்சள் நிறப் பிக்ரிக் அமிலம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது. அதில் ஈரம் இருக்கும்வரை தொல்லை இல்லை. காய்ந்துவிட்டால் வெடிமருந்துதான்; மூடியைத் திருகினாலே போதும்.

அலமாரியிலேயே அழகான குப்பி அந்த மஞ்சள் குப்பிதான். போன வருடம் அதன் மூடியில் படிந்திருந்த மஞ்சள் தூளைத் தானே நகத்தால் சுரண்டித் தள்ளியது அவளுக்கு நினைவு வந்தது. இப்போது கூடத்தில் பத்தாம் வகுப்பு குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஓடினாள். கதவருகே வந்ததும் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே முப்பது பிள்ளைகள், சிரிப்பும் பாட்டுமாக. நடுவில் மெலேயானே மஞ்சள் குப்பியை இடுப்போடு அணைத்து, மூடியின் மேல் கையை வைத்திருந்தாள். மூடிக்குள்ளும் துடைக்க நினைத்தாள்; இறுகியிருந்ததால் துணியைச் சுற்றித் திருகத் தயாரானாள்.

கத்து என்றது ஃபுசியின் உடம்பு முழுவதும். கத்தினால் அந்தப் பெண் திடுக்கிடுவாள், கை நழுவும். ஃபுசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

மெதுவாக நடந்துபோய், தன் இடுப்பில் சுற்றியிருந்த பாயின் கயிற்றை அவிழ்த்தாள். டோங்காவில் மரியாதைக்காக உடைமேல் கட்டுகிற பாய் அது. பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் முன்னால், ஒரு டீச்சர் இடுப்புப் பாயை அவிழ்ப்பதா? பாட்டு அப்படியே அறுந்தது. ஃபுசி பாயை நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"மெலேயானே, மூடி அப்படியே இருக்கட்டும்மா. குப்பிய இந்தப் பாய்மேல வை. மெதுவா வை, அவசரமே இல்ல."

தன் குரலா இது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மெலேயானே மூடியிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கைகளாலும் குப்பியைப் பிடித்துப் பாய்மேல் இறக்கிவைத்தாள். மூடியிலிருந்து இரண்டு மூன்று மஞ்சள் துகள்கள் பாயில் உதிர்ந்தன. ஒன்றும் நடக்கவில்லை.

"இப்ப எல்லாரும் வெளிய போய் மைதானத்துல நில்லுங்க. ஓடாதீங்க."

கடைசிப் பிள்ளையும் போனபின்தான் அவளும் வெளியே வந்தாள். மாமரத்தடியில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணினாள். மறுநாள் விருந்தாளிகளுக்குப் பதிலாக ராணுவத்தார் வந்தார்கள். குப்பியை மணல் மூட்டைகளுக்கு நடுவில் கடற்கரைக்குக் கொண்டுபோய் வெடிக்கவைத்தார்கள். சத்தத்தில் பள்ளிக்கூட ஜன்னல்கள் அதிர்ந்தன. செமிசி அலமாரிச் சாவியை ஃபுசியின் கையில் கொடுத்தார்.

அன்று மாலை மெலேயானே ஃபுசியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெடிக்கும்னு எனக்குத் தெரியாது டீச்சர். ஆனா நீங்க கத்தல பாருங்க, அப்பவே எனக்கு உயிர் போயிருச்சு."

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் யாரோ சோதனைக்குழாயை எடுத்தார்கள். ஃபுசி தொண்டை கிழியக் கத்தினாள். வகுப்பே நிம்மதியாக மூச்சுவிட்டது.