பச்சை நகங்கள்

எங்கள் வாசலில் நின்ற ஜீப் அரசாங்கத்துடையது. தெருவில் உள்ளவர்கள் அதை எங்கள் சொத்தென்று நினைத்தார்கள். நாங்களும் மறுத்துச் சொன்னதில்லை. அப்பாவுக்கு அதில் வயர்லெஸ் வேலை. மழைக்காலத்தில் கடலோரம் போய் நின்று, காரைக்கால் கட்டுப்பாட்டு அறை சொல்லும் புயல் எச்சரிக்கையைக் கேட்டு மீனவர்களுக்குச் சொல்ல வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே ஆளுயரக் கம்பி ஒன்று நிற்கும். அதுதான் ஏரியல். அதை முடுக்கும் இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குப் பெயின்ட் இருக்காது. அப்பா உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தகரத்தைப் பளபளவென்று வைத்திருப்பார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஜீப்பைக் கழுவினார்கள். ஏரியலைக் கழற்றி, ஸ்பேனரோடு சேர்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள் அம்மா. டிரைவர் மாமா வண்டியின் கீறல்களுக்கெல்லாம் பச்சைப் பெயின்ட் தொட்டு வைத்தார். வண்டி புதுமாப்பிள்ளையாக நிற்க, அந்த வட்டம் மட்டும் சொட்டை விழுந்தது போல இருந்தது. பூஜைக்கு நிற்கிற வண்டிக்கு அது அழகா? அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் வட்டத்தை அடைத்தேன். ஓரம் பிசிறாமல் அடைத்தேன். மீதியை என் பத்து நகங்களுக்கும் பூசிக்கொண்டேன். நகப்பூச்சு வாங்கித் தராத அப்பாவின் மீதிருந்த கோபம் அன்றோடு தீர்ந்தது.

பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கு எடுக்கக் கூடாது. அதனால் ஏரியலை யாரும் தொடவில்லை. பூஜைக்கு மறுநாள் விடிகாலையில், உடனே பட்டினச்சேரிக் கடற்கரைக்குப் போகச் சொல்லி ஆள் வந்தது. அப்பா பேட்டரியை ஏற்ற, டிரைவர் மாமா சந்தனம் குங்குமத்தோடேயே ஏரியலை எடுத்து முடுக்கினார். வட்டம் பச்சையாக இருந்ததை அவர் பார்த்தார். அப்பா பூசியிருப்பார் என்று விட்டுவிட்டார். வாசலிலேயே பேசிப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டு அறை அடுத்த தெருவில்தான் இருந்தது, குரல் கணீரென்று வந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் பெரியவளான பிறகு டிரைவர் மாமா சொன்னார். பட்டினச்சேரியில் வயர்லெஸ் செட்டில் வெறும் இரைச்சல்தான். பூஜை நாட்களில் மீன் விற்காது. முடிந்த மறுநாள்தான் நல்ல வியாபாரம். எங்கள் வீட்டிலும் மீன்கார அக்காவிடம் அம்மா சொல்லி வைத்திருந்தாள். கட்டுமரங்கள் தயாராக நின்றன.

"கொஞ்சம் பொறுங்க, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடுறேன்" என்று அப்பா கெஞ்சினாராம். பேட்டரியை மாற்றினார். ஃப்யூஸைப் பார்த்தார். கேபிள் முனையைக் கழற்றி ஊதி மாட்டினார். இரைச்சல் போகவில்லை. வானமோ வெகு யோக்கியமாக வெளுத்துக்கொண்டிருந்தது.

"சேதி இருந்தா செட்டு பேசியிருக்குமே சார்" என்றார் ஒருவர். ஆறு மரங்கள் இறங்கிவிட்டன.

கடைசியாகத்தான் அப்பா ஏரியலின் அடியைக் கழற்றியிருக்கிறார். அந்த அடி வெறும் தகரத்தைத் தொட்டால்தான் தூரத்துக் குரல் வரும். நடுவில் என் பெயின்ட் இருந்தது. பிளேடால் சுரண்டி மறுபடி முடுக்கியதும், ஒருவரையும் கடலுக்கு விடாதே என்று செட்டு தெளிவாகச் சொன்னதாம். அப்பா கடலைப் பார்த்தபடி நின்றாராம்.

ஐந்து மரங்கள் திரும்பி வந்தன. ஆறாவதில் மீன்கார அக்காவின் புருஷன் போயிருந்தார். அக்கா அதன் பிறகு எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

மூன்றாம் நாள் அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைக் கூப்பிட்டார். கையில் துணியும் மண்ணெண்ணெய் பாட்டிலும் இருந்தன.

"கையக் காட்டும்மா."

ஒவ்வொரு நகமாகத் தேய்த்தார். இருக்கட்டும்ப்பா என்று அழுதேன். அவர் அழுத்தித் தேய்க்க, எனக்கு வலித்தது. சுண்டு விரல் இடுக்கில் இருந்த துளிப் பச்சையைக்கூட விடவில்லை.

சற்று நேரத்தில் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயின்ட் அடித்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார். பூஜைக்குப் பாக்க நல்லா இருக்கட்டும்னு அடிச்சுட்டேன்" என்றார் அப்பா.

"இத்தன வருஷ சர்வீஸ். இதுகூடவா தெரியாது உனக்கு?"

எனக்கோ ஆத்திரம் பொங்கியது. ஓரம் பிசிறாமல் அடித்தது நான். சொல்ல வாயெடுத்தபோது அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். ஓய்வு பெறும்வரை அப்பா ஏதோ ஓர் அலுவலகத்தில் ஃபைல் கட்டினார். அவர் சாகும்வரை அந்த வட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

அதிகாரி வந்த அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. என் நகங்களையும் அழித்துவிட்டு, என் வேலையையும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட அப்பாவை மன்னிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.